பாலையும் சேமவச்சும்: வழித்துணையின் விலை குறித்த ஒரு வரலாற்று நோக்கு

திருவள்ளூர் மாவட்டத்தில், பொன்னேரியிலிருந்து பழவேற்காடு நோக்கிச் செல்லும் வழியில் திருப்பாலைவனம் என்றோர் ஊர் உண்டு. பெயரைக் கேட்போர் மணற்பரப்பையும் கானல் நீரையும் கற்பனை செய்துகொள்வர். சென்று காண்போர்க்கோ வயலும் ஏரியும், சற்றுத் தொலைவில் உப்பங்கழியும் தென்படும். பாலைமரங்கள் செறிந்திருந்த காடே இப்பெயருக்குக் காரணம் என்பர். அவ்வூர்ச் சிவன் கோயிலின் தலமரமும் பாலையே. நீர்வளம் மிக்க ஓர் ஊர் பாலைவனம் என்னும் பெயரைத் தாங்கி நிற்பது, பாலை என்னும் சொல்லின் பொருளை மீண்டும் எண்ணிப் பார்க்கத் தூண்டுகிறது.

தொல்காப்பியர் பாலைக்கெனத் தனி நிலம் வகுக்கவில்லை. அதனை நடுவுநிலைத் திணை என்றார். முல்லையும் குறிஞ்சியும் கோடையின் வெம்மையால் தம் இயல்பு திரிந்து துயர் தரும் நிலையே பாலை என்பதைச் சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதை விளக்குகிறது. ஆகவே தமிழ் மரபில் பாலை ஒரு நிலத்தின் பெயராவதற்கு முன் ஒரு நிலைமையின் பெயராகும். நீரும் நிழலும் துணையும் எட்டாத தொலைவில் வழிப்போக்கன் நிற்க நேர்ந்தால், அவன் நிற்கும் இடமே பாலை. அந்நிலையில் அவனுக்குக் கிடைக்கும் உதவியின் விலை என்ன? அவ்விலையைக் கொடுத்தவர் யார்? எப்போது கொடுத்தனர்? தொண்டைநாட்டின் வடபகுதியாகிய திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தை நடுவாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய முற்படுகிறது இக்கட்டுரை.

உமணரின் முன்னறிவு

கடற்கழியில் விளைந்த உப்பை வண்டிகளில் ஏற்றி உள்நாடுகளுக்குக் கொண்டு சென்ற உமணர், சங்க இலக்கியம் காட்டும் நெடுவழிப் பயணிகளுள் முதன்மையானவர். எண்ணூர், அத்திப்பட்டு, பழவேற்காடு எனக் கழிகள் சூழ்ந்த இக்கடற்கரைப் பகுதிக்கு உப்பும் உப்பு வண்டியும் புதியன அல்ல. உமணர் வாழ்வில் வண்டி பழுதுறுவது அன்றாட அச்சம். அதற்கு அவர்கள் கண்ட மாற்றினை ஔவையார் ஒரு புறப்பாட்டில் (102) பதிவு செய்துள்ளார். அதியமான் மகன் பொகுட்டெழினியைப் புகழ வந்த பாடல் அது. எருதுகளோ நுகம் பழகாத இளையவை. வண்டியில் ஏற்றிய பண்டமோ மிகுதி. வழியில் எங்கே பள்ளம், எங்கே மேடு என்பதை முன்னறிந்தவர் எவருமிலர். ஆகவே உமணர் வண்டியின் அடியில் இன்னோர் அச்சினைக் கட்டிக்கொண்டு புறப்படுகின்றனர். அதற்குச் சேமவச்சு என்று பெயர். தலைவனை அச்சேமவச்சுக்கு ஒப்பிடுகிறார் புலவர்.

இவ்வுவமையின் நுட்பத்தை உமணரின் கணக்கிலிருந்து பார்க்கவேண்டும். சேமவச்சு எடையுள்ள பொருள். அது ஏறிய அளவுக்கு எருதுகள் கூடுதலாக இழுக்கவேண்டும், அல்லது உப்பைக் குறைத்து ஏற்றவேண்டும். அச்சு முறியாத பயணத்தில் அது போகும் வழியெல்லாம் வெறுஞ்சுமை. முறிந்த ஒரு கணத்தில் மட்டுமே துணை. அந்த ஒரு கணத்தை எண்ணி நூறு பயணங்களிலும் சுமையை ஏற்பதே அதன் விலை. வழியுதவியின் விலையைப் பற்றித் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய சிந்தனைகளுள் இதுவும் ஒன்று எனலாம்.

உறையூர் மருத்துவன் தாமோதரனார் சோழன் குராப்பள்ளித் துஞ்சிய பெருந்திருமாவளவனைப் பாடும்போது (புறம். 60), கழியின் உப்பை மலைநாட்டுக்குக் கொண்டு செல்லும் வண்டி ஆழப் புதைந்தவிடத்து அதனை மீட்டு இழுக்கும் வலிய எருதாக அவனைக் காண்கிறார். அகநானூற்றில் (140) அம்மூவனார் பாடிய தலைவன், உமணர் மகளைக் கண்டு வருந்தும் தன் நெஞ்சின் துயரைச் சேற்றில் ஆழ்ந்த வண்டியை இழுக்கும் எருதின் துயரோடு ஒப்பிடுகிறான். திருவள்ளுவரும் மயிற்பீலி ஏற்றிய வண்டியின் அச்சு முறிதலை ஒரு குறளிலும் (475), பெருந்தேரின் அச்சாணியை இன்னொரு குறளிலும் (667) எடுத்தாண்டார். முறிவும் புதைவும் மீட்பும் அக்காலப் புலவர்தம் கண்முன் நிகழ்ந்தவை. அரசனைப் புகழப் புலியும் யானையும் இருக்க, வழியில் நின்றுபோன வண்டிக்கு உதவும் அச்சினையும் எருதினையும் இரு புலவர்கள் தேர்ந்தெடுத்தமை கருதத்தக்கது. இடர் நேரும்போது உடனிருப்பதே தலைமையின் இலக்கணம் என்று அவர்கள் கருதினர்.

சாத்தும் உல்கும்

தனியே சேமவச்சு கொண்டுசெல்வது ஒரு வழி. கூட்டமாகச் செல்வது இன்னொரு வழி. வணிகச் சாத்துகள் எனப்பட்ட கூட்டங்களில் ஒருவர் வண்டிக்கு இடர் நேர்ந்தால் மற்றவர் எருதும் கையும் உதவின. இங்கு விலை காலமாகச் செலுத்தப்பட்டது. ஒருவர்க்காக அனைவரும் காத்து நின்றனர். சாத்தினின்றும் பிரிந்தோர்க்கு நேர்ந்த கதியைப் பாலைப் பாடல்கள் சொல்லும். ஆறலை கள்வரால் கொல்லப்பட்ட வம்பலரின் உடல்மீது தழையும் கல்லும் குவித்த பதுக்கைகள் அவ்வழிகளில் கிடந்தன. உதவி எட்டாத வழியின் முழு விலை அப்பதுக்கைகளே.

மூன்றாவது வழியை அரசு வகுத்தது. காஞ்சியைத் தலைநகராகக் கொண்டு தொண்டைநாட்டை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, அந்நாட்டின் பெருவழிகளைத் தெளிவுறக் காட்டுகிறது. வழிச்செல்வோரைத் தாக்கிக் கைப்பொருளைக் கவரும் கொடியோர் அவன் நாட்டில் இலர் என்று பாணனுக்கு உறுதி கூறப்படுகிறது. உமணர் குடும்பத்தோடு வண்டிகளில் செல்லும் காட்சி அதனைத் தொடர்கிறது. பின்னர், மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்துகள் உல்கு செலுத்திச் செல்லும் பெருவழியின் கவர்த்த இடங்களை வில்லேந்திய வீரர் காவல் செய்வதும் சொல்லப்படுகிறது. உல்கு என்பது சுங்கம். சுங்கமும் காவலும் ஒரே இடத்தில் ஒரே அடியில் வைத்துப் பேசப்படுவதைக் கவனித்தல் வேண்டும். வாங்கும் அரசு காக்கவும் கடமைப்பட்டது என்னும் எண்ணம் அதில் உள்ளுறைந்திருக்கிறது. பாணனைப் போன்ற வறியவனும் அவ்வழியே அச்சமின்றிச் செல்லலாம் என்பது அதைவிடச் சிறப்பு. உல்கு செலுத்தியது மிளகுப் பொதி. காவலின் பயன் வெறுங்கையோடு நடந்தவனுக்கும் கிட்டியது.

முன்கூட்டிச் செலுத்திய அறம்

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகர் பொறித்த இரண்டாம் பாறைக் கல்வெட்டு, மனிதர்க்கும் விலங்குகட்கும் மருத்துவ உதவி செய்ததையும், வழிநெடுகக் கிணறுகள் தோண்டி மரங்கள் நட்டதையும் கூறுகிறது. அவ்வறம் பரவிய எல்லை நாடுகளாகச் சோழரையும் பாண்டியரையும் அது பெயர் சுட்டுகிறது. வழிப்போக்கரின் தேவையை முன்னறிந்து அதற்கான செலவை இடரின்றி இருப்போரே ஏற்பது என்னும் கொள்கை, இந்நாட்டில் மிகத் தொன்மையானது.

தமிழகத்தில் அது தண்ணீர்ப்பந்தலாகவும் சுமைதாங்கியாகவும் சத்திரமாகவும் உருப்பெற்றது. தண்ணீர்ப்பந்தல் என்றவுடன் ஒரு பானையும் குவளையும் நினைவுக்கு வரும். ஆனால் சோழர் காலக் கல்வெட்டுகள் அதனை ஒரு நிலையான நிறுவனமாகக் காட்டுகின்றன. நீர் இறைப்போருக்கும், வந்தோர்க்கு நீர் வார்ப்போருக்கும், கலம் வனைந்து தரும் குயவருக்கும் எனத் தனித்தனியே நிலமோ நெல்லோ ஒதுக்கப்பட்டது. ஒரு குவளை நீருக்குப் பின்னே எத்தனை பேரின் உழைப்பு உள்ளது என்பதைக் கொடையாளர் கணக்கிட்டிருந்தனர். குடிப்பவனிடம் காசு கேட்கப்படவில்லை. ஆயினும் நீர் விலையற்றது என்று எவரும் எண்ணவில்லை; அதன் விலை விளைநிலமாக முன்னரே செலுத்தப்பட்டிருந்தது.

சுமைதாங்கியோ துயரிலிருந்து பிறந்தது. இரு கற்களை நிறுத்தி அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்திய எளிய அமைப்பு அது. தலைச்சுமையோடு நடப்பவன் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கவும், மீண்டும் தலையேற்றவும் வாய்ப்பான உயரத்தில் அது நின்றது. கருவுற்ற நிலையில் மகப்பேறு காணாது இறந்த பெண்ணின் நினைவாக அவள் குடும்பத்தார் அதனை எழுப்புவது வழக்கம். இறக்கி வைக்க இயலாத சுமையோடு மறைந்தவளின் பெயரால், முன்பின் அறியாத வழிப்போக்கர் தம் சுமையை இறக்கி இளைப்பாறினர். வழியுதவிக்கு ஒரு குடும்பம் கொடுத்த விலையை இதனினும் உருக்கமாகச் சொல்லும் சின்னம் தமிழ்நாட்டுச் சாலைகளில் வேறில்லை.

சத்திரங்களின் பொருளியலை விளக்கும் சிறந்த ஆவணம் தஞ்சையிலிருந்து கிடைக்கிறது. சேதுவுக்குச் செல்லும் வழிநெடுக மராட்டிய மன்னர்கள் சத்திரங்களை அமைத்திருந்தனர். ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் 1802ஆம் ஆண்டில் எழுந்தது. அதற்குச் சற்று முன்னர், 1801ஆம் ஆண்டில், இரண்டாம் சரபோசி மன்னர் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில் சத்திரங்களின் பணிகளை விரித்துரைத்தார். குலவேறுபாடு கருதாது வந்தோர் அனைவர்க்கும் உணவு, சமைத்த உணவு கொள்ளாதோர்க்கு அரிசியும் பிற பொருள்களும், நோயுற்று விழுந்தோர்க்கு மருத்துவர், வழியில் பேறுகாலம் நேர்ந்த பெண்களுக்கு உதவி, பெற்றோரை இழந்த குழந்தைகளுக்குப் பராமரிப்பும் கல்வியும், இறந்தோர்க்கு இறுதிக்கடன். நள்ளிரவில் மணியடித்து, இன்னும் உண்ணாதோர் உளரோ என்று அழைக்கும் வழக்கமும் அதில் குறிக்கப்படுகிறது. இத்தனைக்கும் அடிப்படையாக இருந்தவை சத்திரங்களுக்கு விடப்பட்ட நிலங்களின் வருவாய். ஆட்சி கைமாறும் வேளையில் அந்நிலங்களைப் பிரித்துவிடக்கூடாது என்பதே மன்னரின் வேண்டுகோளின் உட்கருத்து. நிலம் போனால் மணியோசை நின்றுவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

வடதிசைப் பெருவழி

சென்னையிலிருந்து வடக்கே கல்கத்தா நோக்கிச் சென்ற பெருஞ்சாலை, செங்குன்றம், சோழவரம், காரனோடை, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம் எனத் தமிழ்நாட்டின் எல்லை வரை நீள்கிறது. ஜி.என்.டி. சாலை என்று மக்கள் வழங்கும் இதன் தொடக்கப் பகுதியில்தான், 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது கஞ்சித்தொட்டியாகத் தொடங்கிய மணியக்காரர் சத்திரம் இராயபுரத்தில் அமைந்தது. பஞ்சத்தால் ஊர்விட்டு வந்தோர்க்கு நகரின் வடக்கு வாயில் அளித்த முதல் உதவி அது.

சென்னை உச்ச நீதிமன்றத்தில் தலைமை மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி, 1830ஆம் ஆண்டு மே மாதம் சென்னையிலிருந்து காசிக்குப் புறப்பட்டார். ஏறத்தாழ நூறு பேர் உடன் சென்றனர். திருப்பதி, கடப்பை, ஐதராபாத்து, நாகபுரி வழியாகச் சென்று, கிழக்குக் கடற்கரை வழியாக 1831 செப்டம்பரில் அவர் ஊர் திரும்பினார். அவர் தெலுங்கில் எழுதிய காசி யாத்திரைக் குறிப்புகள் 1838ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. எந்த ஊரில் நல்ல நீர் உண்டு, எங்கே கடைகள் உண்டு, எங்கே தங்க நிழல் உண்டு, எந்த ஆற்றைக் கடப்பது அரிது என்பனவற்றை ஊர் ஊராக அவர் குறித்துச் சென்றார். பின்வரும் யாத்திரிகர்க்கு அதுவே ஒரு சேமவச்சு. செல்வமும் பதவியும் உடைய ஒருவர் நூறு பேரைத் துணைகொண்டே அவ்வழியைக் கடக்க முடிந்தது என்பதையும் மறத்தலாகாது. துணைக்கு ஆள் வைத்துக்கொள்ள இயலாத எளியோர்க்கு அந்நூறு பேரின் இடத்தைச் சத்திரமும் தண்ணீர்ப்பந்தலும் நிரப்பின.

1856ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து திருவள்ளூர் வழியாக வாலாசாவுக்குப் புகைவண்டி ஓடத் தொடங்கியது. நெடுந்தொலைவு செல்வோர் படிப்படியாக இருப்புப்பாதைக்கு மாறினர். நடப்போர் குறையக் குறையச் சாலையோரச் சத்திரங்கள் பொலிவிழந்தன. மீண்டும் சாலைக்கு மக்கள் திரும்பியபோது அவர்கள் மோட்டார் வண்டியில் வந்தனர். வழியுதவியின் கணக்கும் அடியோடு மாறியிருந்தது.

ஸ்டெப்னியும் சந்தாவும்

தொடக்க கால மோட்டார் வண்டிகளில் மாற்றுச் சக்கரம் கிடையாது. வழியில் டயர் வெடித்தால் அங்கேயே அமர்ந்து ஒட்டவேண்டும். 1904ஆம் ஆண்டில் வேல்சு நாட்டு இலனெல்லி நகரில் மாற்றுச் சக்கரம் ஒன்று உருவாக்கப்பட்டது. அதனைச் செய்தவர்களின் பட்டறை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி. அத்தெருப் பெயரே சக்கரத்துக்கு ஆகி, இன்றும் கும்மிடிப்பூண்டிச் சாலையில் லாரி ஓட்டுவோரின் நாவில் வழங்குகிறது. வேல்சு நாட்டுத் தெருப் பெயரைச் சொல்லும் ஓட்டுநர், ஔவையார் அறிந்த சேமவச்சினையே வேறு பெயரால் சுமந்து செல்கிறார்.

1905ஆம் ஆண்டில் இலண்டனில் மோட்டார் சங்கம் ஒன்று தோன்றியது. வேகத்தைக் கண்காணிக்க மறைந்து நிற்கும் காவலரைப் பற்றி உறுப்பினர்க்கு எச்சரிப்பதே அதன் முதல் நோக்கம். பின்னர் பழுதுற்ற வண்டிகளுக்கு உதவுவது அதன் தலையாய பணியாயிற்று. ஆண்டுதோறும் சந்தா செலுத்தியோர்க்கு மட்டும் உதவி. சாலையோர உதவிப் பெட்டிகளின் சாவி அவர்கள் கையில் மட்டும். உமணர் சாத்தின் கொள்கை இங்கே பணவடிவம் பெற்றது. பலர் சிறு தொகை செலுத்த, இடருற்ற சிலர் அதன் பயனைப் பெறுகின்றனர். ஆனால் சத்திரத்தின் கதவைப் போல இது அனைவர்க்கும் திறந்ததன்று.

சந்தா முறையின் எல்லையைக் காணவேண்டுமானால் உண்மையான பாலைக்குச் செல்லவேண்டும். ஆஸ்திரேலியாவின் தென்பகுதியில் நல்லார்பர் என்னும் பெருவெளி உள்ளது. மரம் இல்லாதது என்பது அதன் இலத்தீன் பெயரின் பொருள். அதனை ஊடறுத்துச் செல்லும் ஏர் நெடுஞ்சாலை, நார்ஸ்மன் நகரிலிருந்து போர்ட் அகஸ்டா வரை 1,600 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. அதன் முழுத்தொலைவுக்கும் தார் இடப்பட்டது 1976ஆம் ஆண்டில்தான். வளைவே இன்றி 146 கிலோமீட்டர் நேராகச் செல்லும் பகுதியும் அதில் உண்டு. நார்ஸ்மனுக்கும் அடுத்த தங்குமிடமான பல்லடோனியாவுக்கும் இடைத்தொலைவு ஏறத்தாழ 190 கிலோமீட்டர். செங்குன்றத்திலிருந்து ஆரம்பாக்கம் வரையிலான தொலைவைப் போல நான்கு மடங்குக்கு மேல். அங்கே வண்டி நின்றால் மீட்பு வண்டி வருவதற்கும் திரும்புவதற்கும் ஆகும் தொலைவு முழுவதும் விலையாகிறது. சங்க உறுப்பினர்க்கும் இலவசமாக இழுத்துச் செல்லும் தொலைவுக்கு வரம்பு உண்டு. அதனைக் கடந்த ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தனிக் கட்டணம். மொத்தத் தொகை சில ஆயிரம் வெள்ளி ஆகிவிடக்கூடும். அதனாலேயே அவ்வழி செல்வோர் நீரும் உணவும் மாற்று உறுப்புகளும் கொண்டு செல்லுமாறும், வண்டி நின்றால் அதனைவிட்டு அகலாதிருக்குமாறும் அறிவுறுத்தப்படுகின்றனர். நாகரிகத்தின் எல்லையில் மனிதன் மீண்டும் உமணனாகிறான்.

ஆயினும் உயிருக்கு இடர் என்றால் அந்நாடு வேறு கணக்கை வைத்திருக்கிறது. 1928ஆம் ஆண்டில் ஜான் பிளின் என்னும் சமயத் தொண்டர் தொடங்கிய பறக்கும் மருத்துவர் பணி, அரசின் உதவியாலும் பொதுமக்கள் கொடையாலும் இயங்குகிறது. ஏர் நெடுஞ்சாலையின் சில பகுதிகள் அதன் வானூர்தி இறங்கும் தளமாகக் குறியிடப்பட்டுள்ளன. வண்டியை மீட்க விலை. உயிரை மீட்க அறம் என்பது அங்குள்ள பகுப்பு.

கட்டணச் சாலை

சென்னையின் வடபகுதியில் இன்றும் டோல்கேட் என்னும் இடப்பெயர் வழங்குகிறது. 2021ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மெட்ரோ நிலையம் ஒன்றும் அப்பெயரைத் தாங்கியுள்ளது. பழைய சுங்கவாயில் மறைந்தும் பெயர் மறையவில்லை. அதே வடதிசைச் சாலையில் நல்லூரில் இப்போது புதிய சுங்கச்சாவடி நிற்கிறது. 2008ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள், நான்குவழிச் சாலையில் கிலோமீட்டருக்குக் காருக்கு 65 காசு, பேருந்துக்கும் லாரிக்கும் 2 ரூபாய் 20 காசு என அடிப்படை விகிதம் வகுத்தன. ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் நாளில் அது உயர்த்தப்படுகிறது. இக்கட்டணச் சாலைகளில் சுற்றுக்காவல் வண்டியும் ஆம்புலன்சும் கிரேனும் வைத்திருப்பது ஒப்பந்தக்காரரின் கடமை. 1033 என்னும் எண்ணில் உதவி கோரலாம். உல்கும் காவலும் மீண்டும் ஓரிடத்தில் கூடியுள்ளன எனலாம்.

ஆனால் கிரேனின் கடமை சாலையை மறித்த வண்டியை இழுத்து ஓரம் சேர்ப்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அதன்பின் தொடங்கும் செலவு வண்டியோடு வந்தவருடையது. எண்ணூர்த் துறைமுகங்களிலிருந்தும் கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளிலிருந்தும் சரக்கேற்றிச் செல்லும் லாரி ஒன்று அச்சு முறிந்து நின்றால், மெக்கானிக்கின் வழிக்கூலி, உறுப்பின் விலை, சரக்கை மாற்றி ஏற்றும் கூலி, தாமதத்துக்கான பிடித்தம் என அது வளரும். ஓட்டுநரும் கிளீனரும் சரக்கைவிட்டு நீங்க இயலாது. பின்வரும் வண்டிகள் மோதாதிருக்க மரக்கிளையும் கல்லும் வைத்துவிட்டு, வண்டி நிழலிலேயே இரவும் பகலும் கிடப்பர். சுற்றிலும் ஆலைப் புகைபோக்கிகளும் விளக்கொளியும் இருக்க, அவர்கள் நிற்கும் பத்தடி நிலம் மட்டும் பாலையாகிவிடுகிறது. பேரம் பேசும் வலிமை அற்ற வேளையில் கேட்கப்படும் விலையே விலைகளுள் கொடியது. அவ்வேளையில் அதைக் கேட்கும் நிலை வாராதிருக்கவே முன்னோர் சேமவச்சு முதல் சத்திரம் வரை ஏற்பாடுகளைச் செய்துவைத்தனர்.

உதவுவோன் கொடுக்கும் விலை

உதவி பெறுவோன் கொடுக்கும் விலையைப் போலவே, உதவுவோன் கொடுக்கும் விலையும் வரலாற்றில் உண்டு. விபத்தில் சிக்கியவரை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றவர் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய நேரும் என்ற அச்சம் பலகாலம் மக்களைத் தடுத்து நிறுத்தியது. 2016ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், அவ்வாறு உதவுவோரைப் பெயர் கூறவோ சாட்சியாகவோ வற்புறுத்தலாகாது என்னும் வழிகாட்டு நெறிகளுக்குச் சட்ட வலிமை அளித்தது. 2019ஆம் ஆண்டில் மோட்டார் வாகனச் சட்டத்திருத்தம் அவர்களுக்குப் பாதுகாப்பை உறுதி செய்தது. தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டு முதல் 108 ஆம்புலன்சு இயங்குகிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம், விபத்துற்றவர் எம்மாநிலத்தவராயினும் எந்நாட்டவராயினும் முதல் 48 மணிநேரச் சிகிச்சையை வரம்புக்குட்பட்டு இலவசமாக்கியது. வந்தவன் எவன் என்று வினவாத சத்திரத்தின் மரபு, அரசின் கணக்கேட்டில் மறுபிறவி எடுத்த இடம் இது.

நடந்தோர்

இத்தனை ஏற்பாடுகளுக்கிடையே யார் விடுபட்டனர் என்பதை 2020ஆம் ஆண்டு காட்டியது. மார்ச் 25ஆம் நாள் நாடு முழுதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. ஆலைகள் மூடப்பட்டன. சென்னையிலும் அதன் வடபுறத் தொழிற்பகுதிகளிலும் வேலைசெய்த ஒடிசா, பீகார் முதலிய மாநிலத் தொழிலாளருள் பலர், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள தம் ஊர்களை நோக்கி இவ்வடதிசைச் சாலையில் நடக்கத் தொடங்கினர். சிலர் மிதிவண்டியில் சென்றனர். எல்லையில் தடுக்கப்பட்டோரும், முகாம்களுக்குத் திருப்பி அனுப்பப்பட்டோரும் உண்டு. மே முதல் நாளில்தான் அவர்களுக்கான சிறப்பு இரயில்கள் ஓடத் தொடங்கின.

ஊரடங்கின் தொடக்கத்தில் நெடுஞ்சாலைக் கட்டணம் நிறுத்தப்பட்டு, ஏப்ரல் 20 முதல் மீண்டும் வாங்கப்பட்டது. அச்சலுகை வண்டிகளுக்கு. நடப்பவரிடம் எப்போதும் கட்டணம் கேட்கப்பட்டதில்லை. ஆதலின் அவர் கணக்கிலும் இல்லை. கிரேன் இருந்தது, இழுக்க அவர்களிடம் வண்டியில்லை. உதவி எண் இருந்தது. அவர்களது இடர், எண் வகுத்தோர் நினைத்த இடரன்று. தேநீர்க் கடைகளும் அடைபட்ட அந்நாள்களில் கோடை வெயிலில் சாலை உண்மையிலேயே இயல்பு திரிந்து பாலை வடிவம் கொண்டது. அப்போது நீரும் சோறும் கொண்டுவந்து சாலையோரம் நின்றவர்கள் ஊர்மக்களும் தன்னார்வலருமே. அவர்கள் கல்வெட்டுப் படித்தவர்கள் அல்லர். ஆயினும் தண்ணீர்ப்பந்தலை அவர்கள் கைகள் மறக்கவில்லை.

நிறைவாக

வழியுதவிக்கு எக்காலத்தும் விலை உண்டு. அவ்விலையைத் தானே சுமந்தவன் உமணன்; சேர்ந்து சுமந்தது சாத்து; வாங்கியதற்கு ஈடாகக் காத்தது உல்கு; முன்கூட்டிச் செலுத்தியது அறம்; உறுப்பினர்க்குள் பகிர்ந்தது சந்தா. இவற்றுள் வழிச்செல்வோன் யாரென்று கேளாமல் கொடுத்தது அறம் ஒன்றே. ஏனையவை தேவையற்றவை என்பதில்லை. அவை அனைத்தும் விட்டுவிடும் மனிதன் ஒருவன் எப்போதும் சாலையில் இருக்கிறான் என்பதே வரலாறு தரும் பாடம். அவனுக்கான செலவை அவன் இடருறுவதற்கு முன்னரே, இடரின்றி இருப்போர் செலுத்தியாக வேண்டும். இடருற்றபின் அவனிடம் கேட்டால் அவனால் தர இயலாது.

ஔவையாரும் தாமோதரனாரும் அரசனிடத்தில் இதனைக் கேட்டனர். முறிந்த அச்சுக்கு மாற்றாகவும், புதைந்த வண்டிக்கு எருதாகவும் நிற்பவனையே தலைவனென்று பாடினர். அவர்கள் வழிவந்த கவிஞர்க்கும் அவ்வுரிமை உண்டு. அதனினும் பெரிதாக அக்கடமை உண்டு. கும்மிடிப்பூண்டிச் சாலையில் இன்றும் சரக்கு வண்டிகள் இரவெல்லாம் செல்கின்றன. அவற்றின் ஓரமாகச் சிலர் நடந்தும் செல்கின்றனர். அவர்களுக்கான சேமவச்சு எது என்று கேட்கும் குரல் தமிழ்க்கவிதையில் ஓயாதிருத்தல் வேண்டும்.